வராத மைனாவைத் தோற்றதாகக் குறித்த எட்டு மாதம்

மைனாவுக்குச் சுயக்கட்டுப்பாடு கிடையாது என்று எட்டு மாதம் எழுதிக்கொண்டிருந்தேன். பிஎச்டி முடித்து, வெளிநாட்டில் இரண்டு ஒப்பந்த வேலை பார்த்து, சிங்கப்பூர் திரும்பிய புதிது. அனுமதி வாங்கிப் பிடித்த ஒன்பது மைனாக்கள், ஓர் அக்ரிலிக் குழாய், அதன் நடுவில் ஒரு மாவுப்புழு. என் மொத்த ஆய்வும் இவ்வளவுதான்.

சோதனை எளிமையானது. முதலில் உள்ளே இருப்பது தெரியாத குழாயில் பழக்குவோம். அதன் இரண்டு முனையும் திறந்திருக்கும். பறவை சுற்றிப்போய் முனையில் அலகை விட்டுப் புழுவை எடுக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் அதே அளவில் கண்ணாடி மாதிரித் தெளிவான குழாயை வைப்போம். இப்போது புழு நேராகத் தெரிகிறது. ஆசையில் நேரே கொத்தினால் அலகு குழாயில் இடிக்கும். ஆசையை ஒரு நொடி அடக்கி, பழகிய வழியில் சுற்றிப்போனால் தேர்ச்சி. 2014-இல் 36 விலங்கினங்களை இப்படிச் சோதித்த ஆய்வு ஒன்று வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டது. 2016-இல் ரேவன் என்னும் பெரிய காக்கை இனம் இதே சோதனையில் மனிதக்குரங்குகளுக்கு இணையாகத் தேறியது. என் மைனாக்களோ பாதிக்குப் பாதி தோற்றன. எக்செல் தாளில் ஒன்று, பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே வந்தேன். கட்டுரையின் முதல் வரைவும் தயார்.

கூண்டறையைப் பராமரித்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர். காலையில் தண்ணீர் மாற்றி, தரையைக் கழுவிவிட்டு, நான் கேமராவைப் பொருத்தும்போது கதவோரம் நின்று பார்ப்பார். ஒரு நாள் நான் பூஜ்யம் போட்டதும் கேட்டார்: “ஏம்மா, இதுக்குப் புரியலைன்னா எழுதுறீங்க?”

“ஆமாண்ணே. குழாய்கிட்டயே வரல.”

“அது பயந்துபோய் நிக்குதும்மா. கழுத்தைப் பாருங்க.”

பார்த்தேன். மூன்றாம் எண் பறவை கம்பின் கோடியில் நின்றது. இறகு முழுவதும் உடம்போடு ஒட்டி, ஆள் பாதியாய் மெலிந்தாற்போல் இருந்தது. கழுத்து நீண்டு, ஒரு கண் மட்டும் குழாயின் பக்கம். அலகுக்கு மேல் சின்னக் கொண்டையாய் நிற்கும் இறகு படுத்துக் கிடந்தது. குழாயின் வளைவில் மேல்விளக்கு விழுந்து ஒரு வெள்ளைக் கோடு பளபளத்தது. பறவை தலையை அசைக்கும்போதெல்லாம் அந்தக் கோடும் அசைந்தது. அண்ணன் ஊரில் கோழி வளர்த்தவர். புதுப் பாத்திரத்தில் தீனி வைத்தால் கோழி இப்படித்தான் நிற்கும் என்றார்.

அன்று இரவு பழைய வீடியோக்களை எல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நான் பூஜ்யம் போட்ட முயற்சிகளில் பெரும்பாலானவற்றில் பறவை தப்பாகக் கொத்தவே இல்லை, குழாயை நெருங்கவே இல்லை. வராததையும் தோற்றதையும் ஒரே எண்ணில் அடைத்திருந்தேன். கேள்வியைக் கேட்கவே இல்லை, பதில் தப்பு என்று எழுதிவிட்டேன். மறுநாள் வரைவைத் தூக்கி வைத்தேன். அண்ணனுக்கு நன்றி சொன்னபோது, “கண்ணால பார்த்ததைத்தானே சொன்னேன்” என்றார். இந்தத் துறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் பறவையைத் தினமும் யார் கவனிக்கிறார்களோ, அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா?

மறுபடி தொடங்கியபோது மூன்று விஷயங்களை மாற்றினேன். குழாயைச் சோதனைக்குப் பல நாள் முன்பே கூண்டில் போட்டுவைத்தோம். அதன்மேல் ஏறி உட்காரும் அளவுக்குப் பழகட்டும் என்று விட்டோம். அடுத்து, ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் சாதாரணத் தட்டில் ஒரு புழு வைத்தோம். அதை உடனே எடுத்தால்தான் சோதனை. எடுக்காவிட்டால் பசியில்லை அல்லது பயம், அன்று விட்டுவிடுவோம். மூன்றாவதாக, எக்செல் தாளில் ‘வரவில்லை’ என்று ஒரு தனி நெடுவரிசை சேர்த்தேன். என் ஆய்வு வாழ்க்கையில் நான் செய்த மிகப் பயனுள்ள காரியம் அந்த ஒரு நெடுவரிசைதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

முடிவு மாறியது. பயம் தெளிந்த மைனாக்கள் நன்றாகவே சுற்றிப்போய் எடுத்தன. உணவங்காடிப் பக்கம் பிடித்தவை இன்னும் சீக்கிரம் தேறின. தெளிவான பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் தின்பண்டம் இருப்பதும், நேரே கொத்தினால் கிடைக்காது என்பதும் அவற்றுக்கு வாழ்க்கையே கற்றுக்கொடுத்திருக்கலாம். அப்படியானால் நான் அளந்தது சுயக்கட்டுப்பாடா, பிளாஸ்டிக்கோடு பழகிய அனுபவமா? ஒன்பது பறவையை வைத்துக்கொண்டு இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே கட்டுரையில் இரண்டு வாய்ப்பையும் எழுதினேன். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ஒருவர் “முடிவு வலுவாக இல்லை” என்றார். கையில் இருக்கும் எண்ணிக்கைக்கு அதைவிட வலுவாகச் சொல்வது பொய் என்று பதில் எழுதினேன். பத்து மாதம் இழுத்து வெளிவந்தது.

இந்தத் துறையின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது பெட்டி (Betty) என்ற காக்கையின் கதையில் அதிக நேரம் நிற்பேன். அது பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காக்கை இனம். 2002-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து, குழாய்க்குள் இருந்த சின்ன வாளியைத் தூக்கியது. அதைப் பார்த்து உலகமே வியந்தது. யாரும் சொல்லித்தராமல், யோசித்தே கருவி செய்தது என்றார்கள். 2016-இல் கிறிஸ்டியன் ரூட்ஸ் குழுவினர், காட்டிலிருந்து கொண்டுவந்த அதே இனக் காக்கைகள் கருவிக் குச்சியை இயல்பாகவே வளைப்பதைக் கண்டார்கள். அதனால் பெட்டி முட்டாளாகிவிடவில்லை. ஆனால் ‘திடீரென்று உதித்த யோசனை’ என்ற விளக்கம் இனி அவ்வளவு உறுதியில்லை. அந்தப் பறவை தன் வாழிடத்தில் அன்றாடம் என்ன செய்கிறது என்று தெரியாமல் கூண்டுக்குள் அது செய்வதை எடைபோட முடியாது. நான் மைனாவை உணவங்காடியில் ஒரு வருடம் பார்த்துவிட்டு அப்புறம் குழாயை எடுத்திருக்க வேண்டும்.

நம் எல்லோருக்கும் தெரிந்த தாகமுள்ள காக்கைக் கதையும் சோதனைக்கூடத்துக்குப் போயிருக்கிறது. 2009-இல் கிறிஸ்டபர் பேர்டும் நேதன் எமரியும் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் பறவைகள் நான்கிடம் தண்ணீர்க் குழாயையும் கற்களையும் கொடுத்தார்கள். அவை கல்லைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, மிதந்த புழுவை எடுத்தன. பெரிய கல்லையே தேர்ந்தன. மரத்தூள் நிரம்பிய குழாயில் போட்டால் பயனில்லை என்றும் சீக்கிரம் கண்டுகொண்டன. பின்னால் நியூ கலிடோனியாக் காக்கைகளைச் சோதித்தபோது, மூழ்கும் பொருளா மிதக்கும் பொருளா என்று பிரித்தறிந்தன. ஆனால் இரண்டு குழாய்கள் அடியில் மறைவாக இணைந்திருந்த அமைப்பில் அவற்றால் தேற முடியவில்லை. என் வகுப்பில் இந்தக் கடைசித் தகவலுக்குத்தான் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பறவை எங்கே தேறுகிறது, எங்கே நிற்கிறது என்ற அந்த எல்லைக்கோடுதான் அதன் மனத்தைப் பற்றி நமக்கு ஏதோ சொல்கிறது. ‘காக்கை ரொம்ப அறிவாளி’ என்று மட்டும் சொல்லி முடித்தால் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி அதுதான். நான் ஜூரோங்கில் வளர்ந்தவள். பள்ளியிலிருந்து ஜூரோங் பறவைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். 1971-இல் திறந்த அந்தப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டபோது கடைசி வாரம் போய் நின்றுவிட்டு வந்தேன். அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் புதிய பூங்கா திறந்தது. அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். பறவை படிக்கப் போகிறேன் என்றதும், “சம்பளம் யார் குடுப்பா?” என்று மட்டும் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு நேர்மையான பதில் எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பிஎச்டி வரை உதவித்தொகை கிடைத்தால் சமாளிக்கலாம். அதற்குப் பிறகு வருவதுதான் கடினம். போஸ்ட்டாக் எனப்படும் பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஒப்பந்தத்தில் ஓடும். ஒவ்வொரு முறையும் நாடு மாறும், வீடு மாறும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் மிகக் குறைவு. சிங்கப்பூர் போன்ற சின்ன ஊரில் பறவைகளின் அறிவை மட்டுமே ஆராய இடம் தேடிப் போனால் கதவு திறப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்தது கற்பித்தல் சார்ந்த பதவி. அதில் ஆய்வுக்கு நேரம் குறைவு, ஆனால் மாணவர்கள் கிடைத்தார்கள். சூழலியல் ஆலோசனை நிறுவனம், அரசாங்கத்தின் வனவிலங்குப் பிரிவு, விலங்குப் பூங்கா, தரவு சார்ந்த வேலை என்று என்னோடு படித்தவர்கள் பல பக்கம் போனார்கள். அவர்கள் தோற்றுப்போனவர்கள் இல்லை. என்னைவிட அதிக நேரம் பறவை பார்க்கிறவர்களும் அவர்களில் உண்டு.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் படித்து முடித்தவர்களோடும், முக்கியமாக முடிக்காமல் போனவர்களோடும் பேசுங்கள். முதல் முறை நான் பேசவில்லை. ஒரு வழிகாட்டியிடம் நான் சேகரித்த தரவு வேறொருவர் பெயரில் போனது. கேட்டபோது இந்தத் துறையில் அது வழக்கம் என்றார்கள். வழக்கம் இல்லை. அன்றிலிருந்து எந்த வேலையும் தொடங்கும் முன்னால், யார் பெயர் எங்கே வரும் என்று ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். மாணவர்கள் கூச்சப்படுவார்கள். நானே முதலில் எழுதுவேன்.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கான ஆர் (R) மென்பொருளை இளங்கலையிலேயே தொட்டுவிடுங்கள். ஒரே பறவை இருபது முறை செய்ததை இருபது பறவை செய்ததாக எண்ணும் தவறு இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது. வீடியோவை நீங்களே பார்த்து மதிப்பெண் போடுவதும் போதாது. என்ன எதிர்பார்க்கிறோம் என்றே தெரியாத இன்னொருவரிடம் ஐந்தில் ஒரு பங்கையாவது கொடுத்துப் பாருங்கள். நான் கொடுத்தபோது, ‘தயங்குகிறது’ என்று நான் குறித்த பல இடங்களில் அந்தப் பெண் ‘இறகு கோதுகிறது’ என்று எழுதியிருந்தாள். திரும்பப் பார்த்தேன். அவள்தான் சரி.

அனுமதிக்கு நேரம் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்தின் விலங்கு நலக் குழு ஒரு பக்கம், பூங்காவிலோ காட்டிலோ என்றால் தேசியப் பூங்காக் கழகம் இன்னொரு பக்கம். படிவத்தை அலுவல் தொல்லையாக நினைக்காதீர்கள். பறவையை எவ்வளவு நேரம் பட்டினி போடுவீர்கள், எப்போது சோதனையை நிறுத்துவீர்கள் என்று கேட்கும் வரிகள் அதில் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் எழுதும்போதுதான் என் ஆய்வுத் திட்டத்தின் ஓட்டைகள் எனக்கே தெரிந்தன.

கூண்டும் நிதியும் இல்லாத மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை உணவங்காடியில்தான். 2021 செப்டம்பரிலிருந்து சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைப்பது கட்டாயமானது. அதுவரை மேசை மேசையாகப் பறந்த மைனாக்கள், நான் பார்த்த கடைகளில், தட்டு வைக்கும் அடுக்கின் பக்கம் நகர்ந்தன. காலை ஏழு மணிக்கு அங்கே போய் உட்காருங்கள். துப்புரவு செய்யும் பெண்மணி வண்டியோடு வரும்போது அவை இரண்டடிதான் நகரும். கையில் ஒன்றுமில்லாமல் நேராகப் பார்த்தபடி நடந்துவரும் ஒருவருக்கு இன்னும் விலகும். நடக்கிறவர் எவ்வளவு தூரத்தில் வரும்போது பறவை எழுகிறது என்பதை அளந்தாலே ஓர் ஆய்வு இருக்கிறது. பேனா, நோட்டு, அளவு நாடா போதும். நடையின் வேகம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், கூட்டமாய் நிற்கும் பறவையும் தனிப் பறவையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கே நாம் தொல்லையாக நினைக்கும் ஜாவா மைனா, 1920-களில் கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்டது. தன் சொந்தத் தீவான ஜாவாவில் பொறிவைத்துப் பிடித்தே எண்ணிக்கை குறைந்துபோய், இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. இதை முதன்முதலில் படித்த நாளிலிருந்து உணவங்காடி மைனாவை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

தீனி போட்டு ஆராயலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. 2020 ஜூனிலிருந்து எந்த வனவிலங்குக்கும் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். இதில் எங்கள் வீட்டிலேயே ஒரு கதை நடந்தது.

அம்மா ஈசூனில் வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் பதினொன்றாம் மாடியில் இருக்கிறார். அப்பா போனபிறகு அமாவாசைக்கு அமாவாசை சமையலறைச் சன்னலில் ஒரு பிடி சோறு வைத்து, ‘கா கா’ என்று கூப்பிடுவார். பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்தது. காக்கை கூடு கட்டும் காலத்தில் கீழே நடக்கிறவர்கள் தலையில் கொத்த வருகிறது என்று அவர்களுக்குக் கவலை, அதில் தப்பில்லை. நான்தான் அம்மாவிடம் சட்டத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

“உங்க அப்பாவுக்கு வெக்கிறேன், காக்காவுக்கா வெக்கிறேன்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் காக்கா என்னை அடையாளம் கண்டுக்கும், தெரியுமா?” என்றார்.

அதற்குப் பதில் இருந்தது. அமெரிக்காவில் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து விட்டதையும், பிறகு பல ஆண்டுகளுக்கு அந்த முகமூடி வந்தாலே காக்கைகள் கூடிக் கத்தியதையும், பிடிபடாதவைகூடச் சேர்ந்துகொண்டதையும் சொன்னேன். அது அமெரிக்கக் காக்கை, நம் வீட்டுக் காக்கை வேறு இனம் என்றும் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “முகமூடி போட்டாதானே பயப்படும். சோறு வெச்சவளை ஏன் மறக்கப்போகுது?” என்றார். சோதித்துப் பார்க்க வேண்டிய நல்ல கேள்வி அது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இப்போது சோற்றை இலையில் படைத்து, சாமி படத்தின் முன் வைத்து, தானே சாப்பிட்டுவிடுகிறார். ஆனால் சன்னலை விடவில்லை. தீனி இல்லாமல் காக்கை எத்தனை அமாவாசை வரைக்கும் வருகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டதற்கு, இடது காலில் ஒரு விரல் இல்லை, கழுத்துச் சாம்பல் நிறம் மற்றதைவிட வெளுப்பு, கம்பியில் எப்போதும் ஓரத்தில்தான் உட்காரும் என்று நிறுத்தாமல் சொன்னார். எங்கள் துறையில் கால் வளையம் மாட்டித்தான் அடையாளம் வைப்போம். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

தவறு வந்துவிடக் கூடாது என்று, வந்ததை மட்டுமல்ல, வராத நாளையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. சோறு நிறுத்திய ஐந்தாவது அமாவாசைக்கு வந்தது இது: “7.10. ரெண்டு வந்துச்சு. ஒண்ணு அதேதான். கூப்பிடல நான்.”